உளுந்து காய்ந்த சாலை

அந்தப் பங்குனி மாதத்தில் பிரிசில்லாவுக்கு இருந்தது ஒரே கவலை, வருகைப் பதிவு. சிதம்பரத்தில் மேலவீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் மாலை நேரப் புள்ளியியல் பட்டயப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். நூற்றுக்கு எழுபத்தைந்து வகுப்பில் முகம் காட்டியிருந்தால்தான் மே மாதப் பரீட்சைக்கு விடுவார்கள். கடலூர் அலுவலகத்தில் மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி என்று பிடித்து உட்காரவைத்த மாலைகளெல்லாம் சேர்ந்து அவளை எழுபத்தைந்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டிருந்தன. இன்னும் ஓரிரண்டு வகுப்பு தவறலாம். அதற்கு மேல் போனால் பரீட்சை அடுத்த வருடம்தான்.

ஒரு வருடம்தானே என்று மற்றவர்கள் சொல்லலாம். பிரிசில்லா அஞ்சல் வழியில் பி.எஸ்சி. கணக்கு முடித்தவள். அலுவலகத்தில் எதையாவது சொல்ல வாயெடுத்தால், சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே அது தப்போ என்று தோன்றிவிடும். கையில் அந்தப் பட்டயம் வந்துவிட்டால் தான் சொல்வதைத் தானாவது நம்பலாம் என்று ஒரு நினைப்பு. அதற்காகத்தான் காலையில் கடலூருக்கு பஸ், மாலையில் சிதம்பரத்துக்கு பஸ், இறங்கியதும் வகுப்பு, வகுப்பு விட்டதும் வீடு என்று ஒன்றரை வருடமாக ஓடிக்கொண்டிருந்தாள். தூக்கம் அவளுக்குச் சில்லறையாகத்தான் கிடைத்தது. பஸ்ஸில் கொஞ்சம், மதியம் மேஜைமேல் தலைவைத்துக் கொஞ்சம்.

அவள் வேலை பார்த்த கம்பெனி, மாவட்டத்துச் சாலைகள் சிலவற்றைப் பத்து வருடத்துக்குப் பராமரிக்க ஒப்பந்தம் எடுத்திருந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் அலுவலகம். அடையாள அட்டையில் ஜூனியர் டேட்டா அனலிஸ்ட் என்று போட்டிருந்தது. அவள் அம்மா அதை 'ரோட்டுக்குக் கணக்கு எழுதுற வேல' என்பாள். பிரிசில்லாவுக்கும் அதைவிடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஜீப்பின் பின்னால் ஒற்றைச் சக்கர வண்டியைக் கட்டி, ஒரே சீரான வேகத்தில் சாலை நெடுக இழுத்துக்கொண்டு போவார்கள். சக்கரம் எவ்வளவு குதிக்கிறது என்பதை ஜீப்புக்குள் இருக்கும் ஒரு பெட்டி எண்ணிக்கொள்ளும். நூறு மீட்டருக்கு ஓர் எண். அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நல்ல சாலைக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு என்று நிறம் கொடுப்பது அவள் பொறுப்பு. இருப்பதிலேயே மோசமான சிவப்பிலிருந்து தொடங்கி நாற்பது கிலோமீட்டருக்கு அந்த வருடம் புதுத் தார் விழும். நாற்பதுக்கு மேல் ஒரு அடி கிடையாது. பட்டியலில் இடம் பிடிக்காத சாலை அடுத்த மழையைத் தன் பாட்டில் சமாளிக்க வேண்டியதுதான்.

அந்த வருடக் கணக்கில் நாலு இடங்கள் அவளை உறுத்தின. நாலும் புவனகிரிப் பக்கத்துச் சாலையில். போன வருடம் மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்த துண்டுகள், இந்த வருடம் நேற்றுப் போட்ட ரோடு மாதிரிப் பச்சையாக இருந்தன. அதிலும் ஆலம்பாடி வளைவு பச்சையோ பச்சை. சாலைக்கு வந்த புண் தானாக ஆறாது. ஆனால் எண் தப்பாக வந்தால் பிரிசில்லா முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான். சூத்திரங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பெட்டியிலிருந்து இறக்கிய கோப்பை மறுபடி இறக்கிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மேலாளர் தட்சிணாமூர்த்தியிடம் தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னாள்.

"நடுவுல பேட்ச் ஒர்க் பண்ணியிருப்பாங்கம்மா, வுடு" என்றார் அவர்.

விட்டுவிட்டாள். பட்டியல் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போக இன்னும் பத்து நாள் இருந்தது.

ஈஸ்டர் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை காலை. பஸ்ஸில் அவள் பக்கத்தில் மாலதி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலதி அதே மாலை வகுப்பில் படிப்பவள், கடலூரில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் வேலை. சிதம்பரம் தாண்டியதிலிருந்து ஜன்னல் ஷட்டர்களெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டு வந்தன. புதுச்சத்திரத்துக்கு முன்னால் திடீரென்று அந்தச் சத்தம் அடங்கிவிட்டது.

"ஏய், பஸ் நின்னுட்டுதா?" மாலதி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"நிக்கல. உளுந்து மேல போவுது."

சாலையின் ஒரு பாதி நெடுகப் பிடுங்கிய உளுந்துச் செடிகளைப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டி ஏறி மிதித்தால் காய் வெடித்துப் பருப்பு உதிரும். களத்துக்குக் களமும் ஆச்சு, ஆளுக்கு ஆளும் ஆச்சு. பங்குனி, சித்திரையில் அந்தப் பக்கம் இது வழக்கம். எதிரில் லாரி வந்ததால் டிரைவர் பஸ்ஸை அதன் மேலேயே ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தொட்டில்ல போட்ட மாதிரி இருக்குதுடி. இப்டியே கடலூர் வரைக்கும் காயப்போட்டா ஒரு தூக்கம் போடலாம்" என்றாள் மாலதி.

பிரிசில்லாவுக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. இந்தத் தகர டப்பா பஸ்ஸே சத்தமில்லாமல் போகிறதென்றால், ஒற்றைச் சக்கரம் எப்படிக் குதிக்கும்? புவனகிரிப் பக்கம் ஜீப் ஓடியது பங்குனி நடுவில். பெட்டி எண்ணியது சாலையை அல்ல. சாலைமேல் போட்டிருந்த மெத்தையை.

மாலதியிடம் சொன்னாள். மாலதி இப்போது இரண்டு கண்ணையும் திறந்தாள்.

"யாராச்சும் உன்ன கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப வாய மூடிக்கினு இரு. நீ போயி சொன்னா, சரி நீயே போயி மறுபடி அளந்துக்கினு வான்னுவாங்க. அட்டெண்டன்ஸ் என்னாவுறது? உனக்கு இருக்கிறதே தொக்கி நிக்குது."

"அப்ப அந்த ரோடு?"

"அந்த ரோடு உனக்கு என்னா மாமியா வூடா?"

பிரிசில்லா கடலூர் வரும்வரை, தான் நினைப்பது தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தாள். தப்பாக இருந்தால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, சாயங்காலம் வகுப்புக்குப் போகலாம்.

அலுவலக வாசலில் ஜீப் டிரைவர் சடையப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெல்லிக்குப்பம் பக்கத்து ஊர்க்காரர். யாரைப் பார்த்தாலும் ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்லாமல் விடமாட்டார்.

"அண்ணா, போன மாசம் புவனகிரி ரோட்ல வண்டி இழுத்தீங்களே, ரோட்ல உளுந்து கெடந்துதா?"

"பங்குனி மாசத்துல ரோட்ல உளுந்து கெடக்காம மல்லிப்பூவா கெடக்கும்?"

"அதும் மேலயே ஓட்டுனீங்களா?"

"அந்தாண்ட பக்கமா ஓட்டுனா எதுர வர்றவன் மூஞ்சியில முட்டணும். ரோட்டுக்கு ரெண்டு பக்கந்தானே மேடம் இருக்குது?"

"ஏன் சொல்லல?"

"மெத்து மெத்துன்னு சொகமா இருந்துச்சி. ஆண்டி பெட்டிய மடியில வச்சிக்கினு தூங்கிட்டான். இத போயி யாருகிட்ட சொல்றது?"

ஆண்டி என்பவர் ஜீப்பில் கூடப் போகும் உதவியாளர். பாலம், வேகத்தடை வரும்போது பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்துவது அவர் வேலை.

காலை முழுக்க பிரிசில்லா வேறு வேலை பார்த்தாள். பார்க்க வேண்டியதில்லாத வேலையெல்லாம் பார்த்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டு மேஜைமேல் தலைவைத்தாள். கண் மூடவில்லை. எழுந்து தட்சிணாமூர்த்தி அறைக்குப் போனாள். அவர் சர்க்கரைக்காக வீட்டிலிருந்து கொண்டுவரும் கேழ்வரகு அடையைப் பிட்டுப் பிட்டு மென்றுகொண்டிருந்தார். அவரும் களைத்த மனிதர்தான். சென்னையிலிருந்து ஒருவர், கலெக்டர் ஆபீசிலிருந்து ஒருவர் என்று நாள் முழுக்க யாராவது அவரைப் போனில் ஏசிக்கொண்டிருப்பார்கள்.

சொன்னதைக் கேட்டுவிட்டு, "நிச்சயமா சொல்றியா, சந்தேகமா சொல்றியா?" என்றார்.

அவளுக்குப் பழக்கமான கேள்வி. வழக்கமாக, சந்தேகம்தான் சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள்.

"உளுந்து கெடந்தது நிச்சயம் சார். அதுக்கு அடியில ரோடு எப்படி இருக்குதுன்றது சந்தேகம்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "மறுபடி ஓட்டணும்ன்ற."

"ஆமா சார்."

"ஆண்டி, ரோட்ல போற வண்டிங்கள எண்ணுற கேம்ப்புல இருக்கான். காலையில ஜீப்பு அந்த ஆளுங்கள எறக்கப் போயிடும். மத்தியானம் போனா உளுந்து கெடக்கும். சாயங்காலம் பனி எறங்கறதுக்கு முன்ன அள்ளிடுவாங்க. அப்ப அஞ்சு மணிக்கு மேல, இருட்றதுக்குள்ள. ஒரு நாளைக்கு ஒரு எடந்தான் முடியும்." சொல்லிக்கொண்டே விரலில் ஒட்டியிருந்ததைத் துடைத்தார். "பெட்டியப் பாத்துக்க நீதான் போவணும்."

"எனக்கு கிளாஸ் இருக்குது சார்."

"தெரியும். அதனாலதான் உத்தரவா சொல்லாம கேக்குறன். போறியா, இல்ல இருக்கறத அப்டியே அனுப்பிடட்டுமா? உன் இஷ்டம்."

அவர் உத்தரவாகவே சொல்லியிருக்கலாம். இஷ்டம் என்று சொல்லி மூட்டையை அவள் தலையில் இறக்கிவைத்துவிட்டார். பிரிசில்லா ஜன்னலைப் பார்த்தாள். ஒரு வருடம் என்று நினைத்தாள். ஆலம்பாடி வளைவில் கார்த்திகை மழை பெய்வதையும் நினைத்தாள்.

"போறேன் சார்" என்றாள். சொன்ன பிறகு, இது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் மாலை ஆலம்பாடி வளைவுக்கு அவர்கள் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆனால் உளுந்து இன்னும் சாலையில்தான் கிடந்தது. செடிகளைப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டு, நாலைந்து பெண்கள் உதிர்ந்த பருப்பை விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல் வரிசை. ஜீப் நெருங்கியதும் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் முறத்தோடு நிமிர்ந்தாள்.

"யோவ், அங்கயே நிறுத்துய்யா! கூட்டி வச்சது பறக்குது!"

"நாங்க என்னா உன் உளுந்த கொள்ளையடிக்கவா வந்திருக்கோம்? வட சுட்டா ரெண்டு குடு, போதும்" என்றார் சடையப்பன்.

"வட கேக்குற மூஞ்சப் பாரு" என்றாள் அவள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். "ஏ முத்தம்மா, உன் அண்ணன் வந்துட்டாருடி, எல போடு" என்று ஒருத்தி சொன்னாள்.

முத்தம்மாள் பிரிசில்லாவை மேலும் கீழும் பார்த்தாள். "என்னாம்மா, ரோட்ல காயப்போடக் கூடாதுன்னு எழுதிக்கினு போவ வந்தியா?"

"இல்லம்மா. ரோடு எப்படி இருக்குதுன்னு பாக்க வந்தோம். நீங்க அள்ளினீங்கன்னா ஓட்டிப் பாத்துட்டுப் போயிடுவோம்."

"ரோடா? காயப்போட நல்லாத்தான் இருக்குது. என்னா, பள்ளத்துல எல்லாம் உளுந்து பூந்துக்குது. அத நோண்டி எடுக்கறதுக்குள்ள இடுப்பு வுட்டுப்போவுது."

அவள் சொன்னது மெய்தான். ஒதுக்கிய இடங்களில் தார் பெயர்ந்த குழிகள் தெரிந்தன. ஒவ்வொரு குழியிலும் கைப்பிடி அளவு கறுப்பாக உளுந்து தேங்கிக் கிடந்தது. பிரிசில்லா வானத்தைப் பார்த்தாள். இப்படியே நின்றால் இருட்டிவிடும். செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, ஒரு குழிக்குப் பக்கத்தில் குந்தி விரலால் வழித்து எடுக்க ஆரம்பித்தாள்.

"அட, ஆபீசரம்மா பழகிக்குவாங்க போலக்குது" என்று ஒருத்தி சொன்னாள். யாரும் தடுக்கவில்லை. இன்னொரு முறம்தான் வந்தது.

சாலை காலியானதும் ஜீப் கிளம்பியது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் சக்கரம் எழும்பி எழும்பி விழுந்தது. பெட்டியில் எண் ஏறிக்கொண்டே போனது. தான் நினைத்தது சரி என்று தெரிந்தபோது சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். முதுகு வலிதான் வந்தது. திரும்பும்போது கைப்பேசியில் மாலதியின் செய்தி இருந்தது. வகுப்பு நடத்தும் சபாபதி சார் வருகை எடுத்துவிட்டார்.

அந்த வாரமும் அடுத்த வாரத் தொடக்கமும் அப்படியே போயின. ஒருநாள் ஒற்றைச் சக்கரம் பஞ்சர் ஆகி, ஓட்டியதெல்லாம் வீணாயிற்று. ஒவ்வொரு மாலையும் வகுப்பு தொடங்கும் நேரத்தில் அவள் ஏதாவது ஒரு சாலையோரத்தில், யாராவது உளுந்து அள்ளி முடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். தவறக்கூடிய ஓரிரண்டு வகுப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது.

நாலு இடத்தில் மூன்று அப்பட்டமான சிவப்பு. நாலாவது உண்மையாகவே பச்சை. அங்கே யாரோ மெய்யாகவே பேட்ச் போட்டிருந்தார்கள். தட்சிணாமூர்த்தி சொன்னது அந்த ஓர் இடத்தில் சரி. மூன்று சரியாக வந்ததைவிட, தப்பான அந்த ஒன்றையே பிரிசில்லா அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று துண்டு உள்ளே வந்தால், நாற்பது கிலோமீட்டரின் வாலில் அதே நீளம் வெளியே போக வேண்டும். கம்ப்யூட்டர் அதைத் தானே செய்தது. வெளியே போனவற்றில் ஒன்று நெல்லிக்குப்பத்திலிருந்து சடையப்பன் ஊருக்குப் பிரியும் சாலை. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்கள் அரைத்த சாலை. மோசம்தான். ஆனால் ஆலம்பாடியைவிட ஒரு மாற்று குறைவான மோசம்.

மறுநாளே அது அவர் காதுக்குப் போய்விட்டது.

"எங்க ஊரு ரோட்டத் தூக்கிட்டியாமே பாப்பா?"

மேடம் பாப்பாவாகியிருந்தது. "நான் தூக்கலண்ணா. எண்ணுப்படி..."

"எண்ணு எங்கேந்து வந்துச்சி? நான் இழுத்தன், நீ எழுதுன. ரெண்டு பேருமா வந்து எம் பொண்டாட்டிகிட்ட சொல்லுவோமா? வருஷா வருஷம் அந்த ரோட்லதான் அவ சைக்கிளோட வுழுவுறா."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதன் பிறகு அவளிடம் அதிகம் பேசவில்லை. பிரிசில்லா ஒரு மதியம் முழுக்க அந்தச் சாலையின் எண்களைத் திரும்பப் பார்த்தாள். எங்காவது தப்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்று பார்த்தாள். இல்லை.

பட்டியல் சென்னைக்குப் போனபின் தட்சிணாமூர்த்தியிடம் கேட்டாள். "சார், அலுவலக வேலையா போனேன்னு ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா, கிளாஸ்ல கேட்டுப் பாப்பேன்."

அவர் பேனாவைத் திறந்தார். ஒரு தாளையும் இழுத்தார். பிறகு மூடினார்.

"என்னான்னும்மா எழுதறது? மறுபடி சர்வே பண்ணதுக்காகன்னு எழுதுனா, மொத சர்வே தப்புன்னு ஆவுது. சென்னைக்கு நான் அப்டி சொல்லல. சரிபாத்து திருத்துன பட்டியல்னுதான் அனுப்பியிருக்கேன். நாளைக்கு இந்த லெட்டர் சுத்தி அங்க போச்சின்னா, ஆண்டி வேலயும் போவும், என்னையும் கேப்பாங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வேற எது வேணும்னாலும் கேளு. லீவு வேணுமா, எடுத்துக்க."

"வேற எதுவும் வேணாம் சார்."

அன்று இரவு அம்மா ஆரோக்கியம்மாளிடம் சொன்னாள். ஆரோக்கியம்மாள் ஒரு கிளினிக்கில் ஆயா வேலை பார்ப்பவள். எதற்கும் மலைத்து நிற்கிற பழக்கம் இல்லாதவள். மறுநாளே ஒரு சான்றிதழோடு வந்தாள்.

"டாக்டர்கிட்ட சொல்லி வாங்கியாந்தேன். உனக்கு டைபாய்டு."

"எனக்கு டைபாய்டு வரலியேம்மா."

"வந்திருந்தா இப்டி உக்காந்து பேசிக்கினு இருப்பியா? காயிதத்துல வந்தா போதும். கொண்டுபோயி குடு."

மாலதியும் அதையேதான் சொன்னாள். வகுப்பில் பாதிப் பேர் ஏதோ ஒரு காய்ச்சலில்தான் தேர்வுக்குப் போகிறார்கள், சார் அதைப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை, முத்திரை குத்தி உள்ளே போட்டுவிடுவார் என்றாள்.

சபாபதி கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அந்த மாலை வகுப்பை அவர்தான் நடத்திவந்தார். பிரிசில்லா போனபோது மேஜைமேல் அப்படிப்பட்ட சான்றிதழ்கள் ஒரு கட்டு இருந்தன. அவள் நீட்டியதை வாங்கி, மாலதி சொன்னபடியே படிக்காமல் வைத்துவிட்டு, முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றினார். ஒற்றிக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்து, கழுத்தெலும்பு தெரிய அவள் நின்றிருந்தாள்.

"ரொம்ப எளைச்சிட்டியேம்மா. டைபாய்டா? இப்ப சோறு எறங்குதா?"

அவர் கடுமையாக ஏதாவது கேட்டிருந்தால் அவள் தயாராக வைத்திருந்த பதிலைச் சொல்லியிருப்பாள். சோறு இறங்குகிறதா என்று கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"காய்ச்சல் இல்ல சார்" என்றாள்.

"அப்பறம்?"

சொன்னாள். உளுந்தில் தொடங்கி முழுவதையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்துவிட்டது. முத்திரையைக் கையில் பிடித்தபடியே கேள்வி மேல் கேள்வி கேட்டார். நாலில் மூன்றா? நாலாவதை ஏன் சந்தேகித்தாய்? போன வருடம் எந்த மாதத்தில் ஓட்டினார்கள்? போன வருடம் தை மாதம் என்றதும் மேஜையைத் தட்டினார். "பாத்தியா! சாலையே மாறல, மாசந்தான் மாறுச்சி. இத நான் வகுப்புல சொல்லணும். முப்பது வருஷம் சொல்லிக் குடுத்தேன், இப்டி ஒரு உதாரணம் எனக்கு கெடச்சதில்ல."

பிறகு கையிலிருந்த முத்திரை ஞாபகம் வந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இத எங்கிட்ட சொல்லிட்டியே. இனிமே டைபாய்டுன்னு நான் எப்படி முத்திரை போடறது?"

"உண்மையான காரணத்துக்குப் போட முடியாதா சார்?"

"எழுதி வச்சிருக்கிற விதியில காய்ச்சல் இருக்குது. சாவு இருக்குது. கல்யாணம்கூட இருக்குது. உளுந்து இல்லியே." அவருக்கே அது வருத்தமாக இருந்தது. "அலுவலகத்துல ஒரு கடிதம்?"

"தரமாட்டாங்க சார்."

 "வர்ற வருஷம் பீஸ் கட்ட வேணாம். வகுப்புல வந்து உக்காரு. அடுத்த மே மாசம் எழுதிடலாம்." சான்றிதழை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

மாடிப்படியில் இறங்கும்போது, தான் செய்தது நேர்மையா, இல்லை ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத அசட்டுத்தனமா என்று பிரிசில்லா யோசித்துப் பார்த்தாள். இரண்டுக்கும் சம அளவு ஆதாரம் இருந்தது. மேலே வகுப்பு தொடங்கிவிட்டது. மாலதி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு என்று கையால் கேட்டாள். பிரிசில்லா கையை விரித்துக் காட்டிவிட்டு நடந்தாள்.

இருட்டுவதற்கு முன்னால் அவள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. ஆரோக்கியம்மாள் கதவைத் திறந்ததும் பயந்துபோனாள்.

"என்னாடி, மெய்யாலுமே காய்ச்சலா?"

"இல்லம்மா. அவருகிட்ட உண்மைய சொல்லிட்டேன்."

ஆரோக்கியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு பொய் நிக்குதா வாயில? ஒண்ணே ஒண்ணு. அதக்கூட நானே வாங்கியாந்து கையில குடுத்தேன். கன்னியாஸ்திரியாட்டம் வளத்துட்டேன்னு ஊர்ல சொல்றாங்க, அது இதுதான்." உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அங்கிருந்தே மறுபடி கேட்டாள். "அந்த ரோட்டையாச்சும் போடுவாங்களா?"

"ஆவணிக்குள்ள போடுவாங்கன்னு சொல்றாங்க."

"போடலன்னா?"

"தெரியலம்மா."

"போட்டா சொல்லு. ஒரு தபா கூட்டிக்கினு போயி காட்டு. எம் பொண்ணு ஒரு வருஷப் படிப்ப அதுலதான் கொட்டியிருக்கா, அதையாச்சும் பாத்துட்டு வரேன்."

பிரிசில்லா சிரித்தாள். சிரிக்க முடிந்தது அவளுக்கே ஆறுதலாக இருந்தது. கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நாளைக்கும் சாயங்காலம் வகுப்பு இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. புது வகுப்பு தொடங்கும்வரை இல்லை. பரீட்சை அடுத்த வருடம்தான். அந்த நினைப்பு அவள் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. கால்தான் வலித்தது.

ஆரோக்கியம்மாள் ரசத்தைச் சுடவைத்துக்கொண்டு வந்தபோது அவள் சாய்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். எழுப்பவில்லை. சோற்றுத் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தாள். கைப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சான்றிதழை எடுத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாள். டாக்டர் தேதியை மட்டும் தனியாக ஓரத்தில் எழுதியிருந்தார். அதன்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி வேறு தேதி எழுதினால் அடுத்த வருடத்துக்கு ஆகும். நாலாக மடித்து, அலமாரியில் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்தாள்.